மாங்காய்க்குள் கொட்டை: இடமாற்றப் பணமும் கம்பெனி ஏற்கும் வரியும்

கேள்வி: டர்பனில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் சம்பளப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் ஊழியர் ஒருவரை ஜோகன்னஸ்பர்க் கிளைக்கு மாற்றினோம். அவர் சம்பளம் மாதம் 50,000 ராண்டு. வீடு மாற்றும் செலவுக்கு 1,20,000 ராண்டு முழுதாக அவர் கைக்குப் போகவேண்டும், வரியைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்று மேலாளர் கடிதம் கொடுத்துவிட்டார். ரசீது எதுவும் கேட்கவில்லை. ஊழியரின் வரி விகிதம் 36 சதவீதம். எனவே 1,20,000-க்கு 36 சதவீதம் கணக்கிட்டு, 43,200 ராண்டைக் கூட்டி, 1,63,200 என்று ஆகஸ்ட் சம்பளத்தில் போட்டேன். வரி போக அவருடைய வங்கிக் கணக்கில் விழுந்தது 1,01,742 மட்டுமே. மீதி 18,258 எங்கே என்று ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவிலிருந்து தினமும் தொலைபேசியில் கேட்கிறார். மேலாளர் என் முகத்தைப் பார்க்கிறார். அடுத்த மாதம் இன்னும் இருவர் கேப்டவுன் போகிறார்கள். நான் எங்கே தவறினேன்? அந்த ஊழியர் செய்த செலவின் விவரத்தைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

— சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் எங்கும் தொலையவில்லை. வரித் துறையான சார்ஸ் வாங்கிக்கொண்டது, அதுவும் முறைப்படிதான். உங்கள் சம்பள மென்பொருள் ஒரு காசு பிசகாமல் கணக்குப் போட்டிருக்கிறது, அதைத் திட்டவேண்டாம். பிசகு நீங்கள் கையால் கூட்டிய அந்த 43,200-இல் இருக்கிறது.

டர்பனில் மாங்காய் ஊறுகாய் போடாத வீடு உண்டா? அதை வைத்தே சொல்கிறேன். மாங்காயின் எடையில் 36 சதவீதம் கொட்டைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்யாண வீட்டுக்கு 100 கிலோ சதை வேண்டும். "36 கிலோ கழியும், அதனால் 136 கிலோ வாங்குவோம்" என்று சந்தைக்குப் போகிறீர்கள். வீட்டுக்கு வந்து வெட்டிப் பார்த்தால் சதை 87 கிலோதான் தேறுகிறது. ஏன்? கூடுதலாக வாங்கிய 36 கிலோ மாங்காய்க்குள்ளும் கொட்டை இருக்கிறது! சதை என்பது வாங்கும் எடையில் 64 சதவீதம். ஆகவே 100-ஐ 0.64-ஆல் வகுக்கவேண்டும். 156 கிலோ 250 கிராம் வாங்கினால்தான் 100 கிலோ சதை தேறும்.

வரியும் அப்படித்தான். ஊழியருக்காகக் கம்பெனி ஏற்கும் வரியும் அவருக்குக் கிடைத்த ஊதியமே. நம் வருமான வரிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், ஊழியர் கட்டவேண்டிய கடனை முதலாளி கட்டினால் அது வரிக்குரிய சலுகை என்று தனியாகவே ஒரு பத்தி இருக்கிறது. வரிக்காகக் கொடுக்கும் பணத்துக்கும் வரி, அந்த வரிக்கும் வரி என்று அது போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தொடரை ஒரே வகுத்தலில் முடிப்பதைத்தான் சம்பளப் பிரிவுக்காரர்கள் கிராஸ்-அப் என்கிறோம். கைக்குப் போகவேண்டிய தொகையை, ஒன்றிலிருந்து வரி விகிதத்தைக் கழித்து வருவதால் வகுப்பது. பெருக்கிக் கூட்டுவது அல்ல.

இந்தப் பிழையைச் செய்யாத சம்பளக் கணக்காளரை நான் பார்த்ததில்லை. நானும் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கம்பெனியில், ஒரு பொறியாளருக்கு. அவர் கையில் கால்குலேட்டருடன் வந்து என் மேசைமேல் சம்பளச் சீட்டை விரித்து, ஒவ்வொரு வரியாகத் தட்டிக் காட்டினார். கோபமே படவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். "அப்படியானால் 1,20,000-ஐ 0.64-ஆல் வகுத்தால் 1,87,500, அதைப் போட்டிருந்தால் போதுமே" என்று இந்நேரம் நீங்கள் கால்குலேட்டரை எடுத்திருப்பீர்கள். போதாது. அப்படிப் போட்டிருந்தாலும் அவருக்கு 3,435 ராண்டு குறைந்திருக்கும். இங்கேதான் இரண்டாவது பள்ளம். அவருடைய வரி விகிதம் 36 சதவீதம் என்பது அவருடைய சம்பளத்தின் கடைசி ராண்டுக்குத்தான் உண்மை. நீங்கள் மேலே ஏற்றும் பணத்துக்கு அல்ல.

2023 மார்ச் முதல் 2026 பிப்ரவரி வரை மாறாமல் இருந்த வரி அட்டவணையில், ஆண்டுக்கு 5,12,800 ராண்டைத் தாண்டி 6,73,000 வரை உள்ள வருமானத்துக்கு 36 சதவீதம். அதற்கு மேல் 8,57,900 வரை 39 சதவீதம். உங்கள் ஊழியரின் ஆண்டு வருமானம் 6,00,000. (ஓய்வூதிய நிதிக் கழிவு எதையும் நீங்கள் எழுதவில்லை, அதனால் நானும் சேர்க்கவில்லை. கழிவு இருந்தால் இந்த 6,00,000 குறையும், கீழே வரும் எண்களும் நகரும்.) ஆக, 36 சதவீதப் படியில் அவருக்கு மிச்சம் இருந்த இடம் 73,000 ராண்டு. அந்த இடம் நிரம்பியதும் மீதி முழுவதும் 39 சதவீதப் படிக்கு ஏறிவிடுகிறது.

எனவே கணக்கை இரண்டு துண்டாகப் போடவேண்டும். முதல் துண்டு: 73,000-க்கு 36 சதவீத வரி போனால் கையில் 46,720. கைக்குப் போகவேண்டிய 1,20,000-இல் இதைக் கழித்தால் பாக்கி 73,280. அதை 0.61-ஆல் வகுத்தால் 1,20,131.15. இரண்டையும் கூட்டினால் 1,93,131.15 ராண்டு. இதுதான் நீங்கள் சம்பளப் பட்டியலில் போட்டிருக்கவேண்டிய தொகை. சரிபார்த்துவிடுவோம்: 73,000-க்கு வரி 26,280, அடுத்த துண்டுக்கு 46,851.15, மொத்தம் 73,131.15. கழித்தால் சரியாக 1,20,000.

யு.ஐ.எஃப். என்ற வேலையிழப்புக் காப்பீட்டு நிதிக்கான ஒரு சதவீதத்தைப் பற்றி உங்கள் விஷயத்தில் கவலை இல்லை. மாதம் 17,712 ராண்டுக்கு மேல் அதற்குப் பிடித்தம் கிடையாது, உங்கள் ஊழியரின் வழக்கமான சம்பளமே அதைத் தாண்டிவிட்டது. 15,000 வாங்குகிற ஒருவரை மாற்றும்போதுதான் அந்த ஒரு சதவீதத்தையும் வகுக்கும் எண்ணில் நினைவு வைத்துக்கொள்ளவேண்டும். ஆனால் எஸ்.டி.எல். என்ற திறன் வளர்ச்சித் தீர்வை உச்சவரம்பு இல்லாதது. ஆண்டுச் சம்பளப் பட்டியல் 5,00,000 ராண்டைத் தாண்டும் கம்பெனி ஒரு சதவீதம் கட்டவேண்டும். கிராஸ்-அப் ஆன முழுத் தொகைக்கும் அது உண்டு. இங்கே சுமார் 1,931 ராண்டு. இது ஊழியரைத் தொடாது, கம்பெனியின் பையிலிருந்து போகும்.

மூன்றாவது பள்ளத்தில் நீங்கள் விழவில்லை, அதற்குப் பாராட்டு. இப்படி ஒருமுறை மட்டும் வரும் பணத்தை, போனஸ் போல, ஆண்டுக் கொடுப்பனவு என்று மென்பொருளில் பதியவேண்டும். மாத வருமானம் என்று பதிந்துவிட்டால் அது என்ன செய்யும் தெரியுமா? இந்த மனிதர் மாதாமாதம் 2,43,000 ராண்டு சம்பாதிக்கிறார் என்று நம்பி, பன்னிரண்டால் பெருக்கி, 45 சதவீதப் படியில் உட்கார வைத்துவிடும். நம் எண்களுக்கு அது சுமார் 9,100 ராண்டு அதிகமான பிடித்தம். பிறகு வந்த மாதங்களில் மென்பொருள் சமன் செய்யலாம், இல்லையென்றால் அவர் ஆண்டு முடிந்து கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆனால் லாரிக்காரன் அதுவரை காத்திருக்கமாட்டான். உங்கள் 1,01,742 என்ற எண் ஆண்டுக் கொடுப்பனவுக் கணக்கோடு துல்லியமாகப் பொருந்துகிறது. அதனால்தான் மென்பொருளைத் திட்டவேண்டாம் என்றேன்.

இது வரைக்கும் கணக்குப் பாடம். உங்கள் கடிதத்தைப் படித்து நான் தலையில் கைவைத்துக்கொண்டது வேறொரு வரியைப் பார்த்து: "ரசீது எதுவும் கேட்கவில்லை."

சகோதரி, அந்த ஒரு பெருந்தன்மையால் உங்கள் கம்பெனி இழந்தது எவ்வளவு என்று பார்ப்போம்.

1962-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 10(1)(என்பி) என்று ஒன்று இருக்கிறது. ஊழியரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும்போது, அல்லது புதிதாக வேலைக்கு எடுக்கும்போது, அல்லது வேலை முடிந்து அனுப்பும்போது, முதலாளி ஏற்கும் சில செலவுகளுக்கு வரியே கிடையாது என்கிறது. மூன்று வகை. ஊழியரையும் குடும்பத்தையும் வீட்டுச் சாமானையும் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குக் கொண்டுபோகும் செலவு ஒன்று. பழைய வீட்டை விற்கவும் புது ஊரில் நிலையான வீட்டில் குடியமரவும் ஆகும் செலவு இரண்டாவது. நிலையான வீடு கிடைக்கும்வரை விடுதியிலோ வாடகை வீட்டிலோ தற்காலிகமாகத் தங்குவது மூன்றாவது. இந்தக் கடைசி வகைக்கு மட்டும், மாற்றம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து 183 நாள் என்ற எல்லை உண்டு.

குடியமரும் செலவில் என்னென்ன அடங்கும் என்பதில்தான் பலருக்கும் ஆச்சரியம். வீட்டுத் தரகரின் கமிஷன், பழைய வீட்டுக்கடனை ரத்துசெய்யும் கட்டணம், புது வீட்டுக்கடன் பதிவு, வழக்கறிஞர் கட்டணம், சொத்து மாற்றத் தீர்வை ஆகியவை எதிர்பார்க்கக்கூடியவை. ஆனால் பிள்ளைகளின் புதுப் பள்ளிச் சீருடை, புது ஜன்னலுக்கு ஏற்ற திரைச்சீலை, வண்டியைப் புது மாகாணத்தில் பதியும் கட்டணம், தொலைபேசி, தண்ணீர், மின் இணைப்பு, இவையும் உண்டு. வண்டிப் பலகையில் இருக்கும் மாகாண எழுத்து மாறவேண்டும் என்பதை டர்பன்காரர்கள் ஜோகன்னஸ்பர்க் போய் ஆறுமாதம் கழித்துத்தான் நினைப்பார்கள், அது தனிக்கதை.

அடங்காதவையும் உண்டு. பழைய வீட்டை நட்டத்துக்கு விற்றதற்காகக் கம்பெனி கொடுக்கும் ஈட்டுத்தொகை வரிக்கு உட்பட்டது. புது வீட்டை வடிவமைக்க அல்லது இடித்துக்கட்டக் கட்டடக்கலைஞருக்குக் கொடுத்ததும் அப்படியே.

முக்கியமானது இது: முன்பெல்லாம் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தைக் குடியமரும் செலவு என்று ரசீது இல்லாமலே வரியின்றிக் கொடுக்க சார்ஸ் விட்டுவைத்திருந்தது. 2016 மார்ச் 1-ஆம் தேதியோடு அந்த வழக்கம் முடிந்தது. அதன் பிறகு, கணக்குக் காட்டத் தேவையில்லாமல் மொத்தமாகக் கொடுக்கும் இடமாற்றப் படி முழுவதும் வரிக்கு உட்பட்டது. உண்மையில் ஆன செலவை ரசீது பார்த்துக் கொடுத்தால் மட்டுமே விலக்கு. பழைய மேலாளர்கள் மனதில் இன்னும் அந்தப் பழைய விதிதான் ஓடுகிறது. உங்கள் மேலாளருக்கும் அப்படி இருக்கலாம் என்று ஊகிக்கிறேன், அவர்மேல் கோபித்துக்கொள்ள இது காரணமல்ல.

இப்போது நீங்கள் இணைத்த செலவு விவரத்தை எடுக்கிறேன். டர்பனிலிருந்து சாமான் ஏற்றிப் போன லாரிக்கு 28,500. என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறிப் போகிற வண்டிக்கு அது ஒன்றும் அதிகமில்லை. குடும்பம் போன செலவு 5,200. மூன்று மாதம் தற்காலிக வாடகை, மாதம் 11,000 வீதம் 33,000. இரண்டு பிள்ளைகளுக்குச் சீருடை 4,300. திரைச்சீலை 8,600. தண்ணீர், மின் இணைப்புக்கு 3,400. கூட்டினால் 83,000 ராண்டு. அத்தனையும் விலக்குக்குத் தகுதியான இனங்கள். மீதி 37,000-இல், சாட்ஸ்வொர்த் வீட்டை அவசரத்தில் விற்ற நட்டத்துக்கு என்று 25,000, "கைச்செலவு" என்று 12,000. இவை இரண்டும் வரிக்கு உட்பட்டவை.

ரசீது பார்த்துக் கொடுப்பது என்று முதலிலேயே எழுதியிருந்தால்? 83,000 அப்படியே போயிருக்கும், அதற்கு வரியும் இல்லை, எஸ்.டி.எல்.லும் இல்லை. 37,000-ஐ மட்டும் கிராஸ்-அப் செய்திருக்கலாம். அது 36 சதவீதப் படியில் மிச்சமிருந்த 73,000-க்குள் அடங்கிவிடுகிறது என்பதால் ஒரே வகுத்தல்: 37,000-ஐ 0.64-ஆல் வகுத்தால் 57,812.50. கம்பெனிக்கு மொத்தச் செலவு 1,40,812.50 ராண்டு. மொத்தப் படியாகக் கொடுத்ததால் ஆவது 1,93,131.15. வித்தியாசம் 52,318.65.

இந்த எண்ணை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மேலாளரின் மேசையில் வையுங்கள். "கிராஸ்-அப் செலவைக் கம்பெனி வருமானத்தில் கழித்துக்கொள்கிறோமே" என்பார். உண்மை. 27 சதவீதக் கம்பெனி வரி மிச்சமாகும். அப்படியும் சுமார் 38,000 ராண்டு நிகர இழப்பு. ஊழியருக்கு அதில் ஒரு காசு கூடுதல் கிடைத்ததா என்றால், இல்லை. இரண்டு வழியிலும் அவர் கைக்கு வருவது அதே 1,20,000.

அடுத்து உங்களுக்குத் தோன்றப்போகும் யோசனையை நானே சொல்லிவிடுகிறேன்: "ரசீதுகள் இப்போதும் அவரிடம் இருக்கின்றனவே, வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, 83,000-ஐ விலக்கு என்று மாற்றிப் பதிந்துவிடலாமா?" வேண்டாம். கணக்குக் காட்டவேண்டாம் என்று கடிதம் கொடுத்து, படியாகக் கொடுத்து, வரியும் பிடித்து, இ.எம்.பி.201 என்ற மாத வரிப் படிவத்தில் அறிவித்தும் ஆயிற்று. கொடுத்தபோது அது என்னவாக இருந்ததோ அதுதான் அது. பிற்பாடு பெயரை மாற்றினால் தணிக்கையில் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. லெனேசியாக்காரரின் விஷயத்தில் ஒப்புக்கொண்டதை ஒழுங்காக முடிப்பதே வழி. மிச்சம்பிடிப்பதை கேப்டவுன்காரர்களிடம் தொடங்குங்கள்.

அந்த இருவரின் கடிதத்தில் தொகைக்குப் பின்னால் "வரை" என்ற சொல் வரட்டும். "இடமாற்றத்துக்காக உண்மையில் ஆகும் செலவை, ரசீதின் பேரில், இவ்வளவு ராண்டு வரை நிறுவனம் ஏற்கும்." முடிந்தவரை லாரிக்காரருக்கும் தற்காலிக வீட்டுக்காரருக்கும் கம்பெனியே நேரடியாகக் கட்டிவிடட்டும், ஊழியர் கைப்பணத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் தொல்லை இல்லை. வரிக்கு உட்பட்ட இனங்களைத் தனிப் பத்தியில் எழுதி, அவற்றுக்கு மட்டும் "வரியை நிறுவனம் ஏற்கும்" என்று சொல்லுங்கள். ஐ.ஆர்.பி.5 என்ற ஆண்டு வரிச் சான்றிதழில் ரசீதுப் பணம் 3714 என்ற குறியீட்டிலும், கிராஸ்-அப் ஆன படி 3713-இலும் போகும். இரண்டையும் ஒரே குறியீட்டில் கொட்டிவிட்டால், இத்தனை பாடுபட்டுப் பிரித்ததற்குப் பலன் இல்லாமல் போகும்.

"வரியை நிறுவனம் ஏற்கும்" என்ற அந்த வாக்கியத்தை அப்படியே நிர்வாணமாக விட்டுவிடாதீர்கள். எந்த வரி? டர்பனில் எத்தனை வீட்டில் பின்கட்டு அறையை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாடகையைச் சேர்த்தால் ஊழியரின் வரிப் படி மேலே போகும், நீங்கள் போட்ட கிராஸ்-அப் போதாமல் போகும், சார்ஸின் மதிப்பீட்டு அறிவிப்பை எடுத்துக்கொண்டு "மீதியையும் கட்டுங்கள்" என்று வருவார். "இந்த நிறுவனம் தரும் ஊதியத்தை மட்டும் கொண்டு கணக்கிட்ட வரி" என்று எழுதிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. அடுத்த ஆண்டு அந்த மீதியை இரக்கப்பட்டுக் கொடுத்தால், அதுவும் அடுத்த ஆண்டு ஊதியம், அதற்கும் வரி. மாங்காய்க்குள் மறுபடியும் கொட்டை.

ஓராண்டுக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையைப் பல கம்பெனிகள் வைக்கின்றன. உங்களுடையதும் வைத்திருந்தால், எதைத் திருப்பித் தருவது என்பதைத் தெளிவாக்குங்கள். கைக்குப் போன தொகையையா, கிராஸ்-அப் ஆன தொகையையா? கையில் 1,20,000 வாங்கியவரிடம் 1,93,131 கேட்டால் கூச்சல்தான் வரும். சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: வரி கட்டிய ஊதியத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தன் வருமானத்தில் கழித்துக்கொள்ள பிரிவு 11(என்ஏ) அனுமதிக்கிறது. ஆனால் பிரிவு எண் தெரிந்து யாரும் வேலையை விடுவதில்லை. இருவரும் கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிடுவது நல்லது.

இனி லெனேசியாக்காரரின் 18,258. இங்கேயும் ஒரு வலை விரித்திருக்கிறது. "18,258 குறைகிறது, 18,258 போட்டுவிடுவோம்" என்று அடுத்த சம்பளத்தில் சேர்த்தால், 39 சதவீதம் போய் அவருக்குக் கிடைப்பது 11,137 சொச்சம். மறுபடியும் தொலைபேசி. இந்தத் துண்டு முழுவதும் 39 சதவீதப் படியில்தான் விழுகிறது, ஏனென்றால் கீழ்ப்படியின் இடத்தை ஆகஸ்டிலேயே நிரப்பிவிட்டீர்கள். 18,258-ஐ 0.61-ஆல் வகுத்தால் 29,931.15. அதற்கு வரி 11,673.15. ஆகஸ்டில் போட்ட 1,63,200-ஐயும் இதையும் கூட்டிப் பாருங்கள்: 1,93,131.15 வருகிறதா? வந்தால் கணக்கு சரி.

இதையும் ஆண்டுக் கொடுப்பனவாகவே பதியுங்கள், அதே 3713 குறியீட்டில். செப்டம்பர் சம்பளத்தில் கொடுத்தால் அதற்கான வரியை அக்டோபர் 7-ஆம் தேதிக்குள் கட்டியாகவேண்டும். தாமதத்துக்கு 10 சதவீத அபராதம், இத்தனை நடந்தபிறகு அதுவும் வேண்டாம். ஊழியருக்கு முன்கூட்டியே ஒரு தகவல் சொல்லிவிடுங்கள்: சம்பளச் சீட்டில் 29,931.15 என்று இருக்கும், வங்கியில் விழுவது 18,258 தான், ஆண்டு முடிவில் வரும் ஐ.ஆர்.பி.5-இல் அவர் வருமானம் 7,93,131 என்று தெரியும். பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு, "என்னுடைய 11,673 எங்கே?" என்று புதிதாக ஒரு தொலைபேசி வரும் முன்னால்.